டாப்ஸ் பிராண்ட் ஃபெல்ட் தொப்பி எந்தக் காலத்தது? ஸ்வெட்பேண்ட் (உள்ளே தலையைச் சுற்றி வரும் தோல்பட்டை) வேறு சுருங்கிக் கிடக்கிறது

நியூஜெர்சி வேலன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. இங்கே எஸ்டேட் சேல் (ஒரு வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்பது) ஒன்றில் 35 டாலருக்கு வந்த ஆண்கள் ஃபெல்ட் (ரோமத்தை அமுக்கிச் செய்த கெட்டித் துணி) தொப்பி இது. முடிந்தவரை அளந்து எழுதுகிறேன்.

சாம்பல் நிறம். பிரிம் (சுற்று விளிம்பு) 2½ அங்குலம். கிரவுனின் (தலைமேல் நிற்கும் பகுதி) குழிவை வெளியே தள்ளி அளந்தால் 5½ அங்குல உயரம். ரிப்பன் அகலம் 1¾. பிரிமின் ஓரத்தில் ரிப்பன் கட்டு கிடையாது, தையலும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் ஓரம் உள்ளே மடிந்து தடிப்பாக இருக்கிறது. லைனிங்கின் நடுவில் டாப்ஸ், ஃபிஃப்த் அவென்யூ, நியூயார்க் என்ற முத்திரை. அதன்மேல் கண்ணாடித்தாள் போல ஒரு உறை, மஞ்சளித்துச் சுருங்கியிருக்கிறது. ஸ்வெட்பேண்டில் பொன்னெழுத்தில் கிளீவ்லாந்து கடை ஒன்றின் பெயர். அதன் பின்பக்கம் விரலை விட்டால் தாள் துண்டு ஒன்று தட்டுப்படுகிறது. தோல் காய்ந்திருப்பதால் புரட்டப் பயமாக இருக்கிறது. கூடவே ஒரு பெட்டியும் உண்டு. பெட்டி லேபிளில் அதே கடை, 'கிளீவ்லாந்து 14, ஒஹையோ' என்று.

விற்றவர் 1930களின் தொப்பி என்றார்.

1. காலத்தை எப்படி நிர்ணயிப்பது?
2. மேலிருந்து பார்த்தால் படகு போல நீண்டு பக்கவாட்டில் இடுங்கியிருக்கிறது. ஆவி காட்டினால் சரியாகுமா?
3. பிரிமின் அடியில் அந்து அரித்த தடம் மூன்று இடத்தில். மற்ற தொப்பிகளோடு வைக்கலாமா?
4. இது தனிக் கேள்வி. ஆன்லைனில் ஸ்டெட்சன் நிறுவனத்தின் 4எக்ஸ் என்று தரக்குறி போட்ட தொப்பி ஒன்று, '1940களின் அசல்' என்று 120 டாலர் சொல்கிறார்கள். உள்ளே ஸ்டிக்கரில் கார்லண்ட், டெக்சஸ் என்று இருக்கிறது. எடுக்கலாமா?

ஸ்டைல் சேது எழுதியது:

பிரிம் 2½, ரிப்பன் அகலம், கிரவுன் உயரம். கண்ணை மூடிக்கொண்டு 1940கள்னு சொல்லலாம். 50களின் நடுவுல கிரவுன் மேலே குறுக ஆரம்பிச்சு, பிரிமும் சுருங்குது. 60கள்ல ஒண்ணரை அங்குலத்துக்கும் கீழே போயிடும். 30கள்னா இன்னும் நேரான, உயரமான கிரவுன் இருக்கும்.

பழம்பொருள் உலகு எழுதியது:

சேது சொல்கிற போக்கு சரிதான். ஆனால் உருவத்தை வைத்து மட்டும் காலம் சொன்னால் பத்துக்கு நாலு தவறும். ஹோம்பர்க் வகை (பிரிம் ஓரம் மேல்நோக்கி வளைந்தது) பல பத்தாண்டுகள் ஏறக்குறைய ஒரே உருவத்தில் விற்றது. ஸ்டெட்சனின் ஓப்பன் ரோடு என்ற மாடலும் அப்படித்தான். போதாக்குறைக்கு, ஃபேஷன் மாறியபோது சொந்தக்காரர்களே பிரிமைக் குறைத்து வெட்டிக்கொண்டார்கள், ரிப்பனை மாற்றிக்கொண்டார்கள். குழிவு என்பது ஆவியும் கையும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் மாறுகிற சங்கதி.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ஸ்வெட்பேண்டுக்குப் பின்னால் இருப்பவை, அடுத்து ஸ்வெட்பேண்டும் அதன் தையலும், அதற்கும் அடுத்துதான் லைனிங், ரிப்பன். உருவம் கடைசி. யாரும் கை வைக்காத இடம்தான் நம்பத்தக்க சாட்சி. இன்னொன்று: ஒவ்வொரு தடயமும் பெரும்பாலும் 'இதற்கு முன் இல்லை' என்றுதான் சொல்லும். 'இதற்குப் பின் இல்லை' என்று சொல்கிற தடயம் அபூர்வம். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் விற்பனைக் குறிப்புகளில் எல்லாத் தொப்பியும் 1930களில் பிறக்கின்றன.

உங்கள் தொப்பிக்கு வருவோம். ஃபிஃப்த் அவென்யூ என்ற முகவரி காலத்துக்கு உதவாது, அது பிராண்டின் பந்தா. டாப்ஸ் என்பது கனெக்டிகட்டில் நார்வாக் ஊரில் இயங்கிய குரோஃபட் அண்ட் நாப் நிறுவனத்தின் பிராண்ட். 1932-ல் நாக்ஸ், டன்லப் ஆகிய தொப்பி பிராண்டுகளும் இதோடு சேர்ந்து ஹாட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா ஆனது. கிளீவ்லாந்து கடைப்பெயர் ஸ்வெட்பேண்டில் இருப்பதும் இயல்பே. நாடு முழுக்கக் கடைகளுக்கு அனுப்பி, அவரவர் பெயரையும் பொறித்துக் கொடுத்தார்கள்.

தையல் தெரியாத தடித்த ஓரம் என்கிறீர்களே, அதுதான் இந்தத் தொப்பியின் சிறப்பு. கவானா எட்ஜ் என்பார்கள். ஓரத்தை மடித்து ஊசி நூல் இல்லாமல் கையாலேயே ஃபெல்ட்டோடு ஃபெல்ட்டாகப் பிணைப்பது. சாதாரண வெல்ட் ஓரத்தில் மடிப்பை ஒட்டிச் சுற்றிலும் தையல் ஓடும். பூதக்கண்ணாடி வைத்துச் சுற்று முழுக்கப் பாருங்கள். ஓர் இடத்திலும் நூலோ துளையோ இல்லையென்றால் கவானா எட்ஜ்தான். ஸ்டெட்சனும் இதே வேலையை மோட் எட்ஜ் என்ற பெயரில் செய்தது. கூலி அதிகம் பிடிக்கும் வேலை என்பதால் விலை உயர்ந்த தொப்பிகளில் மட்டுமே வரும். அது இருந்தால் பிரிம் வெட்டப்படவில்லை என்பதும் சேர்ந்தே உறுதியாகிவிடுகிறது. வெட்டியிருந்தால் அந்த மடிப்புப் போயிருக்கும்.

பெட்டி லேபிளில் ஊருக்கும் மாநிலத்துக்கும் நடுவே இருக்கிற அந்த 14 முக்கியம். அமெரிக்க அஞ்சல் துறை பெரிய நகரங்களுக்கு மண்டல எண் கொடுத்தது 1943 மே மாதம். ஐந்திலக்க ஸிப் கோடு வந்தது 1963 ஜூலை. ஆக லேபிள் அச்சான காலம் பெரும்பாலும் இந்த இருபது ஆண்டுக்குள். பழைய லேபிள் கட்டை ஸிப் கோடு வந்த பிறகும் கொஞ்ச காலம் தீர்த்திருக்கலாம், அது வேறு. ஆனால் இது பெட்டியின் வயது. தொப்பியும் பெட்டியும் மாறிப்போவது சர்வசாதாரணம். பெட்டியில் எழுதியுள்ள சைஸ், நிறம், ஸ்டைல் பெயர் தொப்பியோடு பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள்.

ரிப்பன் அசலா என்பதற்கு ஒரு சோதனை. ரிப்பனின் மேல் ஓரத்தை நகத்தால் ஒரு மி.மீ. தளர்த்தி அடியில் பாருங்கள். வெயில் படாத ஃபெல்ட் அடர்நிறத்தில் இருக்கும். வெளுத்த பகுதிக்கும் வெளுக்காத பகுதிக்கும் இடையே உள்ள கோடு ரிப்பன் ஓரத்தோடு ஒட்டியே போனால் ரிப்பன் தன் இடத்தில்தான் இருக்கிறது. கோடு ரிப்பனுக்கு மேலே வெளியே தெரிந்தால், முன்பு இருந்தது இதைவிட அகலமான ரிப்பன். நாடா முடிச்சுப் பக்கத்திலும் இதே நிழல் விழுந்திருக்கும்.

இப்போது அந்தத் தாள். தோலை உலர்ந்த நிலையில் புரட்டாதீர்கள், மடியும் இடத்தில் பிளந்துவிடும். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் தொப்பியை வைத்து, பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஈரத்துணி. தொப்பியில் துணி படக்கூடாது. நாலைந்து மணி நேரத்தில் தோல் கொஞ்சம் இளகும். ராத்திரி முழுக்க விட்டுவிடாதீர்கள், பூஞ்சை பிடிக்க அது போதும். இளகியதும் பின்பக்கம் மூன்று விரல் அகலத்துக்கு மட்டும் மெல்ல வெளியே சாய்த்து, டார்ச் அடித்து, போனில் படம் எடுங்கள். தாளை உருவக் கூடாது.

பார்க்க வேண்டியவை: சைஸ் சீட்டு, அதிலுள்ள எண்கள். தனியாகத் தொழிற்சங்க லேபிள் இருக்கிறதா, அதில் சங்கத்தின் முழுப்பெயர் என்ன. காப்புரிமை எண் ஏதும் உண்டா. கையில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் இருந்தால் சீட்டின்மேல் அடித்துப் பாருங்கள். பளீரென நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் தாளில் வெண்மையூட்டி சேர்ந்திருக்கிறது, 1950-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்த தாள். ஒளிரவில்லை என்றால் அதிலிருந்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

தோல்வேலை தேவி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு. வேலன், தயவுசெய்து ஸ்வெட்பேண்ட் உள்ளே இருக்கும்போது ஆவி காட்டாதீங்க. படகு மாதிரி ஆனதுக்குக் காரணம் ஃபெல்ட் இல்லை, தோல். வியர்வையும் சூடும் பட்டுப் பட்டுக் காய்ஞ்சு தோல் சுருங்குது, அது தன்னோட ஃபெல்ட்டையும் இழுக்குது. நல்ல நிலையில இருக்கிற தாவரப் பதனத் தோலே 70, 80 டிகிரி சூட்டுல சுருங்கும். பழசாகி நைஞ்ச தோல் அதுக்கும் ரொம்பக் கீழேயே சுருங்கிடும். கெட்டில் மூக்கிலிருந்து வர்ற ஆவி பட்டா சில நொடியில முறுகிப் போய், கொம்பு மாதிரி விறைச்சிடும். அதுக்கு மருந்தே கிடையாது.

முதல்ல தோல் பிழைக்குமான்னு பாருங்க. உள்பக்கத்தை விரலால லேசாத் தேய்ச்சா செங்கல் தூள் மாதிரி விரல்ல ஒட்டுதா? நகத்தால அழுத்தினா விரிசல் விடுதா? அப்படின்னா தோல் மக்கிடுச்சு. என்ன எண்ணெய், கண்டிஷனர் போட்டாலும் திரும்ப வராது, எண்ணெய் ஃபெல்ட்டுக்குள்ள ஊறி ரிப்பனுக்குக் கீழே கறை விடுறதுதான் மிச்சம்.

தூள் வரலை, வளையுதுன்னா நிதானமா விரிக்கலாம். வேண்டியது ஹாட் ஜாக். ரெண்டு அரைவட்ட மரக்கட்டை, நடுவுல திருகு, அவ்வளவுதான். பிழிஞ்ச துணியால தோலோட உள்முகத்தை மட்டும் ஒத்தி எடுங்க. தேய்க்காதீங்க, பொன்னெழுத்து உரிஞ்சிடும். ஜாக்கை வெச்சு, கட்டை தோல்ல ஒட்டுற அளவுக்குத் திருகி நிறுத்துங்க. அப்புறம் மூணு நாலு மணிக்கு ஒருமுறை கால் சுற்று, மிஞ்சிப்போனா அரைச் சுற்று. சீட்டுல போட்டிருக்கிற சைஸ் வந்ததும் நிறுத்திடணும், அதுக்கு மேல போகக்கூடாது. அமெரிக்க சைஸ் 7⅛-ன்னா உள்சுற்று 57 செ.மீ., ஒவ்வொரு அரைக்கால் சைஸுக்கும் சுமார் 1 செ.மீ. கூடும். பிரிட்டிஷ் தொப்பின்னா அதே தலைக்கு 7-ன்னு போட்டிருக்கும், அரைக்கால் குறைச்சு. கடைசி சுற்றுக்கு அப்புறம் ஜாக்கோடயே ஒரு நாள் காயட்டும். எங்கே பிளக்கும்னா பின்பக்க இணைப்புல, இல்லைன்னா அடியோரத்துத் தையல் துளை வரிசையில, தாள் கிழியிற மாதிரி. டக்குனு ஒரு சத்தம் வரும். அப்போ திருகைத் திருப்பி விடுங்க, மறுபடி முயற்சி வேண்டாம்.

மக்கின தோல்னா ரெண்டு வழி. காட்சிக்கு மட்டும்னா அப்படியே விட்டுடுங்க. தலையில போடணும்னா மாத்தணும். மாத்துறவங்க வழக்கமாத் தவறுற இடம் ஒண்ணு சொல்றேன். ஸ்வெட்பேண்டோட அடியோரத்துல ரீட்னு ஒண்ணு இருக்கும், துணிச்சுற்றுக்குள்ள ஓடுற மெல்லிய கம்பியோ பிளாஸ்டிக்கோ. தோலை ரீட்டோட பிடிக்கிற தையல் வேற, ரீட்டை ஃபெல்ட்டோட பிடிக்கிற தையல் வேற. ரெண்டாவதை மட்டும்தான் பிரிக்கணும். அந்தத் தையல் வெளியில ரிப்பனுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். அதனால முதல்ல ரிப்பனைப் பிடிச்சிருக்கிற சின்ன சின்னத் தையல்களை வெட்டி ரிப்பனை மேலே நகர்த்தணும். ரிப்பனை நகர்த்தாம உள்ளேயிருந்தே வெட்டினா ஃபெல்ட்டும் சேர்ந்து வெட்டுப்படும்.

புதுத் தோலைத் தைக்கும்போது பழைய துளை வழியாவே ஊசி போகட்டும். புதுத் துளை போட்டா, அந்த வரிசை முழுக்க அஞ்சல் தலை ஓரம் மாதிரி ஆகி ஒரு நாள் பிரிம் கிரவுனை விட்டுக் கழண்டு வந்துடும். பின்பக்க நடுவுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் முன்னால போங்க. நூலை இறுக்கினா கிரவுன் அடியில சுருக்கம் விழும். கழட்டின பழைய தோலை, அதுல இருக்கிற சீட்டோட, ஒரு கவர்ல போட்டுத் தொப்பியோடவே வைங்க. அடுத்து வாங்குறவருக்கு அதுதான் ஆதாரம்.

ஃபெல்ட்டைச் சரிபண்ண ஆவி வேணும்னா, தோலை முழுக்க வெளியே புரட்டி விட்டு, வெளிப்பக்கத்திலிருந்து அரை அடி தூரத்துல ஏழெட்டு நொடி. சூடு இருக்கும்போதே கையால வடிவம். அப்படியே ஆற விடுங்க.

அருங்காட்சி ரவி எழுதியது:

ஆவி என்ற பேச்சு வந்ததால் பாதரசத்தைச் சொல்லியாக வேண்டும். முயல், பீவர் ரோமம் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதற்காகப் பாதரச நைட்ரேட் கரைசல் தடவி உலர்த்துவார்கள். தொழிலாளர்களின் கை நடுக்கம் அப்படி வந்ததுதான். தொப்பி நகரமான டான்பரியின் பேரிலேயே அந்த நோயைச் சொல்கிற வழக்கம் இருந்தது. அமெரிக்காவில் இதற்குத் தடை வந்தது 1941 டிசம்பர் 1. அதற்கு முந்தைய ரோம ஃபெல்ட்டில் இன்றும் பாதரசம் தங்கியிருக்க வாய்ப்புண்டு. சூடு பட்டால் ஆவியாகும், பிரஷ் போட்டால் தூசியோடு கிளம்பும். காலம் தெரியாத எந்தத் தொப்பியையும் 1941-க்கு முந்தையதாகவே நினைத்துக் கையாளுங்கள். நைட்ரைல் கையுறை, பிரஷ் போடும்போது முகக்கவசம், ஆவி காட்டுவது திறந்த வெளியில். சமையலறைக் கெட்டில் வேண்டாம். குழந்தைகள் போட்டு விளையாடவும் கொடுக்காதீர்கள்.

மூன்றாம் கேள்வி. மற்றவற்றோடு வைக்கவே வைக்காதீர்கள். முதலில் சேதத்தை அளக்க வேண்டும். இருட்டறையில் கிரவுனுக்குள் டார்ச் வைத்து வெளியிலிருந்து பாருங்கள், பிறகு பிரிமை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் வந்தால் துளை. வெளிச்சம் வராமல் மேலே மட்டும் வாய்க்கால் போலப் பள்ளம் என்றால் புழு மேய்ந்த தடம், அடிப்பக்கம்தானே, விலையை அதிகம் கெடுக்காது. பிறகு ரிப்பன் மடிப்பு, நாடா முடிச்சின் உள்புறம், ஸ்வெட்பேண்டுக்குப் பின்புறம். முட்டையும் கூட்டுப்புழு உறையும் இருப்பது அங்கேதான். அரிசி மணி அளவில் நூலாம்படை சுற்றிய உறை தெரிந்தால் பூச்சி இங்கேயே குடித்தனம் நடத்தியிருக்கிறது.

சாகடிக்க உறைகுளிர்தான் நல்ல வழி. கிரவுனுக்குள் மெல்லிய தாளைச் சொருகி, தொப்பியைக் கெட்டியான பாலிதீன் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி எடுத்து, டேப் ஒட்டி மூடுங்கள். மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். கிரவுன் நசுங்காமல் தலைகீழாக நிற்கட்டும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், 24 மணி நேரம் அறைச்சூட்டில் அப்படியே இருக்கட்டும். உடனே திறந்தால் குளிர்ந்த ஃபெல்ட்டின்மேல் ஈரம் பூத்து, தோலில் வெள்ளைப் பூசணம் வரும். அந்துருண்டை போட்டு மூடுவதை நான் சிபாரிசு செய்வதில்லை. அந்த வாடை ரோமத்தில் ஏறினால் வருஷக்கணக்கில் போகாது, வாங்க வருகிறவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பாதி விலை கேட்பார்.

ஸ்டைல் சேது எழுதியது:

சாம்பல் நிறத் தொப்பில வியர்வைக் கறை இருந்தா நாஃப்தால (பெட்ரோலியக் கரைப்பான்) முக்கி எடுத்தா போயிடும்னு அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் செய்யறாங்களே?

தோல்வேலை தேவி எழுதியது:

எண்ணெய்ப் பிசுக்குக்கு நாஃப்தா வேலை செய்யும், மறுக்கலை. ஆனா சட்டுனு தீப்பிடிக்கிற சரக்கு. வெளியில, சுத்துவட்டாரத்துல அடுப்போ சுவிட்சோ இல்லாத இடத்துல மட்டும். முழுசா முக்கணும். ஒரு இடத்துல மட்டும் தொட்டுத் துடைச்சா கறையோட விளிம்பு வட்டமா நகர்ந்து நிக்கும். ரிப்பனுக்கு மேலே வர்ற வெள்ளை அலைக்கோடு உப்பு, அதுக்கு நாஃப்தா பிரயோஜனமே இல்லை, காய்ச்சி வடிச்ச தண்ணிதான். முதல் படியா முல்தானி மட்டியைத் தூவி ஒரு ராத்திரி விட்டுப் பிரஷ் போடுங்க. பழுப்பு, சந்தன நிறத்துக்கு அருமையா வரும். கறுப்பு, அடர்நீலத்துக்கு வேண்டாம், தூள் ரோமத்துக்குள்ள சிக்கி நரைச்ச மாதிரி தெரியும். லைட் கலருக்கு ஒரு பிரஷ், டார்க்குக்கு ஒரு பிரஷ். மேலிருந்து பார்த்தா கடிகாரத்துக்கு எதிர்த்திசையில போகணும், ரோமம் அப்படித்தான் படிஞ்சிருக்கும்.

பழம்பொருள் உலகு எழுதியது:

நான்காம் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அந்த ஸ்டெட்சனை விட்டுவிடுங்கள். ஸ்டெட்சனின் பிலடெல்பியா ஆலை 1971-ல் மூடப்பட்டது. அதன்பின் உரிமம் பெற்ற நிறுவனம் மிசூரி மாநிலம் செயின்ட் ஜோசப்பில் செய்தது, கார்லண்ட் அதற்கும் பிறகு. ஆக கார்லண்ட் என்று போட்ட ஸ்டெட்சன் 1940களில் இருக்கவே முடியாது. அதே ஊர்ப் பெயர் ரெசிஸ்டால் என்ற வேறு பிராண்ட் தொப்பியில் இருந்தால் கதை வேறு, அவர்கள் 1930களின் இறுதியிலிருந்தே அங்கே இருந்தவர்கள். ஸ்டிக்கரில் பார்கோடும் இருந்தால் 1974-க்குப் பின் என்பது கூடுதல் ஆணி.

4எக்ஸ் என்பதைப் பார்த்தும் மயங்காதீர்கள். எக்ஸ் எண்ணிக்கை பீவர் ரோமத்தின் சதவீதம் என்று நினைப்பவர்கள் அதிகம். அப்படி ஒரு பொது அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் தரவரிசைக்கு வைத்துக்கொண்ட குறி அது. காலப்போக்கில் எண்ணிக்கை ஊதிப்போயிற்று. பிலடெல்பியா காலத்து 3எக்ஸ் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டு இன்றைய 4எக்ஸைத் தொட்டால் வித்தியாசம் விரலுக்கே தெரியும். பழையதில் மெல்லிய ஃபெல்ட், ஆனாலும் மடித்து விட்டால் தன் வடிவத்துக்கு வரும். கம்பளி ஃபெல்ட் என்றால் கனமாக, கொஞ்சம் சொரசொரப்பாக, மழையில் நனைந்தால் தொய்ந்துபோகும்.

நியூஜெர்சி வேலன் எழுதியது:

நன்றி அனைவருக்கும். டப்பா முறையில் ஐந்து மணி நேரம் வைத்துப் பார்த்தேன். சீட்டில் 7⅛, அடியில் மங்கிய எண்கள். பக்கத்தில் ஓரத்தில் துளையிட்ட சின்ன லேபிள்: யுனைடெட் ஹாட்டர்ஸ், கேப் அண்ட் மில்லினரி ஒர்க்கர்ஸ் இன்டர்நேஷனல் யூனியன். காப்புரிமை எண் எதுவும் இல்லை. புற ஊதாவில் சீட்டு ஒளிரவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் பென்சிலில் 7⅛ என்றும் சாம்பலுக்கான ஆங்கிலச் சொல்லும் எழுதியிருக்கிறது. ஓரத்தில் நூல் எங்கும் இல்லை. விரலில் செந்தூள் ஒட்டுகிறது, ஆனால் பின்பக்கம் மட்டும்.

பழம்பொருள் உலகு எழுதியது:

பிரமாதம். தொழிற்சங்கப் பெயரே பாதி வேலையை முடித்துவிட்டது. பழைய சங்கம் யுனைடெட் ஹாட்டர்ஸ் ஆஃப் நார்த் அமெரிக்கா. அது துணித்தொப்பி, மில்லினரி (பெண்கள் தொப்பி) தொழிலாளர் சங்கத்தோடு 1934-ல் இணைந்த பிறகுதான் உங்கள் லேபிளில் உள்ள நீளமான பெயர் வந்தது. எனவே 1934-க்கு முன் இல்லை. பழைய பெயர் மட்டும் இருந்திருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது என்று சொல்லியிருக்கலாம்.

பெட்டியின் சைஸும் நிறமும் கடைப்பெயரும் மூன்றுமே பொருந்துவதால் பெட்டி இதனுடையது என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் 1943-க்குப் பின். மேல் எல்லைக்குத்தான் சேது சொன்ன உருவம் உதவுகிறது. 5½ அங்குலக் கிரவுன், 2½ பிரிம், 1¾ ரிப்பன் மூன்றும் சேர்ந்து 50களின் நடுப்பகுதியைத் தாண்டுவது கடினம். 1943 முதல் 1955 வரை என்று எழுதி வையுங்கள். விற்றவர் சொன்ன 1930கள், பெட்டியை நம்பாவிட்டால் மட்டுமே சாத்தியம்.

இன்னும் குறுக்க வேண்டுமென்றால் தொப்பியை விட்டுவிட்டுக் கடையைத் தேடுங்கள். கிளீவ்லாந்து நகர முகவரிப் புத்தகங்கள், பழைய செய்தித்தாள் விளம்பரங்கள் பொது நூலகங்களில் கிடைக்கும். அந்தக் கடை எந்த ஆண்டில் எந்தத் தெருவில் இருந்தது, எப்போது பெயர் மாறியது, டாப்ஸ் ஏஜென்சி எப்போது எடுத்தது என்பதில் ஏதாவது ஒன்று நாலைந்து ஆண்டைக் கழித்துக் கொடுக்கும். பெட்டியில் உள்ள தெரு எண்ணை விடாதீர்கள்.

காப்புரிமை எண் இந்தத் தொப்பியில் இல்லை, இருந்தாலும் மற்றவர்களுக்காக: அமெரிக்க எண் 10 லட்சத்தைத் தொட்டது 1911, 20 லட்சம் 1935, 30 லட்சம் 1961. 21 லட்சத்துச் சொச்சம் என்று பார்த்தால் 1930களின் பிற்பகுதிக்கு முன் இல்லை என்று மட்டும் பொருள். அதே எண்ணைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பொறித்தார்கள்.

நுவரெலியாக்காரன் எழுதியது:

பிரிட்டிஷ் தொப்பிகளுக்கும் இப்படி வழி இருக்குதா? இங்க பழைய தோட்டத்து பங்களாச் சாமான்கள் விலைக்கு வரேக்க அகலப் பிரிம் வைச்ச, ரெண்டு தொப்பியை ஒண்டுக்குள்ள ஒண்டு போட்டுத் தைச்ச மாதிரி ஃபெல்ட் தொப்பி கிடைக்குது.

அருங்காட்சி ரவி எழுதியது:

டபுள் டெராய். வெயில் தாங்க இரண்டடுக்கு. இந்தியாவிலும் இலங்கையிலும் தோட்டத் துரைமார் விரும்பி அணிந்தது. வாங்கும்போது ஓரத்தில் இரண்டு அடுக்கும் சேரும் தையலை அழுத்திப் பாருங்கள். மலைநாட்டு ஈரத்தில் இரண்டுக்கும் நடுவே பூஞ்சையும் அந்தும் சேர்ந்து குடியிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. விளக்குக்கு நேரே பிடித்தாலும் ஒரு அடுக்கின் துளையை இன்னொரு அடுக்கு மறைத்துவிடும். அதனால் விரலால் தடவி, மெலிந்த இடம் தட்டுப்படுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

காலத்துக்கு, லைனிங்கில் அரச முத்திரை (அரண்மனைக்குச் சரக்கு கொடுப்பவர் என்ற அடையாளம்) இருந்தால் வாசகத்தைப் படியுங்கள். பழைய தொப்பியில் மன்னருக்கு என்றிருந்தால் பொதுவாக 1952 பிப்ரவரிக்கு முன், அரசியாருக்கு என்றால் அதற்குப் பின், 2022 வரை. ஆனால் அந்த முத்திரை மன்னரின் மனைவியான அரசியாருக்கும் உரியதாக இருக்கலாம், முழு வாசகத்தையும் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். ஜெர்மன் தொப்பியில் மேற்கு ஜெர்மனி என்று இருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடையே. போர்சலினோ பிராண்ட் தொப்பியில் 1857 என்று போட்டிருப்பது இத்தாலியின் அலெசாண்ட்ரியாவில் அந்த நிறுவனம் தொடங்கிய ஆண்டு. அதைத் தொப்பியின் வயதென்று சொல்லி விற்கிறவர்களும் உண்டு.

தோல்வேலை தேவி எழுதியது:

வேலன், பின்பக்கம் மட்டும் செந்தூள்னா அப்படியே ஜாக் போட வேண்டாம், விசை முழுக்க அந்த இணைப்புலதான் விழும். சீட்டும் சங்க லேபிளும் அதே இடத்துல இருக்கு, பிளந்தா அதுவும் போயிடும். தலையில போட ஆசை இருந்தா இணைப்போட ரெண்டு பக்கமும் ரெண்டு அங்குலத்துக்குப் பின்னால ஜப்பானியத் தாள் ஒட்டு போட்டுத் தாங்கு கொடுத்துட்டு, 56 செ.மீ. வர்ற வரைக்கும் மட்டும் விரிச்சுப் பாருங்க. பசை கோதுமை மாவுப் பசையா இருக்கட்டும், பெவிகால் வேண்டாம், அது காய்ஞ்சா பிரிக்க வராது. எதுவா இருந்தாலும் உறைகுளிர் ரெண்டு வாரம் முடிஞ்ச பிறகு ஆரம்பிங்க.

நியூஜெர்சி வேலன் எழுதியது:

சரிங்க. இன்றே பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். ஸ்டெட்சன் விற்பவரிடம் பார்கோடு படம் கேட்டேன், விளம்பரத்தை '1980கள்' என்று மாற்றிவிட்டு 60 டாலர் கேட்கிறார்.

பழம்பொருள் உலகு எழுதியது:

போடுவதற்கு என்றால் 40 கொடுக்கலாம். ஸ்வெட்பேண்ட் படம் கேட்டு வாங்கிய பிறகு.